மைக்கக்காவின் நெஞ்சு

அந்தப் பேருந்து நிலையத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. மைக்கக்கா என்றால்தான் தெரியும். நடைமேடைகளுக்கு மேலே, இரும்புப் படிக்கட்டு ஏறிப் போனால், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த சின்ன அறை. அதற்குள் உட்கார்ந்துகொண்டு எந்த வண்டி எந்த மேடையிலிருந்து கிளம்புகிறது, எது தாமதம், எது இன்றைக்கு வரவே வராது என்று சொல்லிக்கொண்டிருப்பாள். மைக் இல்லாமலே அவள் குரல் கடைசி மேடைவரைக்கும் கேட்கும், மைக்குக்குப் போகிற மின்சாரம் தண்டம் என்று ஓட்டுநர்கள் கேலி பேசுவார்கள். தொலைதூர வண்டி நின்று போகிற ஊர்களையெல்லாம் ஒரே மூச்சில் கடகடவென்று சொல்லி முடிப்பாள். அதைக் கேட்பதற்கென்றே சில பேர் நின்றுவிட்டு நடப்பார்கள்.

ஐந்து பெண்கள் பிறந்த வீட்டில் கடைக்குட்டி அவள். அந்த வீட்டில் சத்தம் போடாதவளுக்குக் குளிக்கத் தண்ணீர்கூட மிஞ்சாது. அங்கே பழகிய தொண்டைதான். நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தாள். ஒருநாள் அறிவிப்பாளர் வராமல் போகவே, சும்மா சமாளி என்று மேலே அனுப்பினார்கள். பிறகு யாரும் அவளைக் கீழே இறங்கச் சொல்லவில்லை.

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை அவள் மறைத்ததும் இல்லை. பின்னால் பார்க்காமல் வண்டி எடுக்கிறவர்களை மைக்கிலேயே பிடித்துக்கொள்வாள். "ஆறாவது மேடையில வண்டியைப் பின்னுக்கு எடுக்கிற டிரைவர் கவனத்துக்கு. உங்களுக்குப் பின்னாடி நிக்கிறது மனுஷங்க, மூட்டை இல்ல." நிலையமே சிரிக்கும். அப்படி அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர், எப்போது பார்த்தாலும் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்ததால் ஹாரன் என்றே பெயர் விழுந்த ஒரு ஓட்டுநர். பிள்ளையைத் தொலைத்துவிட்டு ஓடி வருகிறவர்களை மட்டும் உடனே திட்டமாட்டாள். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பிள்ளை கிடைத்துக் கையில் வந்த பிறகுதான் ஆரம்பிப்பாள்.

அவள் கணவரும் அப்படி ஒரு திட்டில்தான் வந்து சேர்ந்தார். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிறவர். அதிர்ந்து பேசத் தெரியாது. தன் வண்டியை ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்க மேலே ஏறி வந்தவரிடம், மூன்று தடவை சொன்னேன், காதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தீர்களா என்று கேட்டாள். மறுநாள், பிடிக்க வேண்டிய வண்டி எதுவும் இல்லாமலே, மறுபடி ஏறி வந்தார். கல்யாணமாகி, ஒரு மகளும் பிறந்து, அவள் கல்லூரிக்குப் போகிற வயது வந்துவிட்டது. இத்தனை காலத்தில் அந்த வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அவளே பேசினாள். அவர் தலையாட்டினார். இரண்டு பேருக்கும் அது ஒத்துப்போயிற்று.

கொரோனா வந்தது. நிலையத்தை மூடி, மறுபடி திறந்து, எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டு வண்டி ஏற ஆரம்பித்த பிறகுதான் அவளுக்குத் தொற்றியது. பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்சம் காய்ச்சல், உடம்பு வலி. சோப்பை மூக்கில் வைத்துத் தேய்த்தாலும் வாசனை தெரியவில்லை. பின்பக்க அறையில் படுத்துக்கொண்டாள். மகள் தட்டை வாசலில் வைத்துவிட்டு ஓடுவாள். விரலில் மாட்டிப் பார்க்கிற கருவி, ஆக்சிஜன் அளவு நன்றாக இருப்பதாகவே எப்போதும் காட்டியது. நுரையீரலுக்கு ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார்கள். அறையை விட்டு வெளியே வந்தபோது, நீ தப்பித்துவிட்டாய் என்று அக்காமார் நான்கு பேரும் மாறி மாறிப் போன் செய்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

முதலில் காட்டிக்கொடுத்தது இரும்புப் படிக்கட்டுதான். பாதியில் நிற்க வேண்டியிருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றால், நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. கொரோனா வந்த உடம்பு, அசதி இருக்கத்தான் செய்யும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நாளாக ஆக அசதி குறைய வேண்டும் அல்லவா? கூடிக்கொண்டே போனது. ஒரே மூச்சில் சொன்ன ஊர்களை இரண்டு மூச்சில் சொன்னாள். பிறகு மூன்றில். அக்கா, நடுவில் ஏன் வண்டியை நிறுத்திவிட்டாய் என்று கீழிருந்து ஹாரன் கேட்டார். சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் பாதத்தில் வார் பதிந்த தடம் குழியாக இருந்தது, அழுத்தித் தேய்த்தாலும் போகவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணை ஒன்று இரண்டாகி, கடைசியில் சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள்.

தெருமுனைக் கிளினிக் டாக்டரிடம் போனாள். மகள் குழந்தையாக இருந்த காலத்திலிருந்து அவரைத் தெரியும். அவருக்கும் அவளைத் தெரியும். வரிசையில் நிற்காமல் உள்ளே நுழைந்த ஆட்களை அவள் அந்த வாசலில் கிழித்துத் தொங்கவிட்டதை அவர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். விரலில் கருவியை மாட்டினார். முதுகில் குழாயை வைத்தார், எடுத்தார். நுரையீரல் சுத்தம், கொரோனா போய்விட்டது, கவலைப்படாதீர்கள் என்றார்.

நெஞ்சு அடிக்கிறது சரியில்லை என்று அவள் சொன்னாள். படி ஏற முடியவில்லை, கால் வீங்குகிறது என்று சொன்னாள்.

டாக்டர் சிரித்தார். "இது படபடப்பும்மா. இப்ப எல்லாருக்கும் இருக்கு. உங்களுக்கு ஏற்கெனவே கோபம் ஜாஸ்தி. அதைக் கொஞ்சம் குறைங்க, எல்லாம் சரியாயிடும்."

"கோபத்துக்கும் கால் வீங்கறதுக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?"

"பாத்தீங்களா, இப்பக்கூடக் கோபப்படுறீங்க."

அவளுக்கு வாயடைத்துப்போயிற்று. வாழ்க்கையில் அவளை வாயடைக்க வைத்தவர்கள் குறைவு. ஆமாம் என்றால் கோபக்காரி என்று ஒத்துக்கொண்ட மாதிரி. இல்லை என்று சத்தமாகச் சொன்னால் அதுவே அத்தாட்சி. என்ன சொன்னாலும் அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடுகிற ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்வது? நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற வேலைதானே, அதுவும் கால் வீக்கத்துக்குக் காரணம் என்று சேர்த்துச் சொல்லி, மனசை அமைதிப்படுத்துகிற மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் கணவர் அதைக் கேட்டு நிம்மதி அடைந்தார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. டாக்டரே சொல்லிவிட்டார், கொஞ்சநாள் அமைதியாக இருந்து பாரேன் என்றார். மகள், மூச்சை எண்ணி இழுத்து விடுகிற பயிற்சி வீடியோ ஒன்றை அம்மாவின் போனுக்கு அனுப்பினாள். இழுக்க மூச்சு வந்தால்தானே எண்ணுவதற்கு.

நிலைய மேலாளரிடம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட இரண்டு நாள் லீவு கேட்டாள். அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் ஆட்கள் பற்றாக்குறை. உங்களுக்கு மட்டுமா வந்தது, இங்கே பாதிப்பேருக்கு வந்துவிட்டுப் போயிற்று, எல்லோரும் வேலை பார்க்கவில்லையா என்றார். இவளுக்கு மாற்றாக இரண்டாவது ஷிப்டில் உட்காருகிற சின்னப் பெண்ணும் அப்போது காய்ச்சலில் படுத்திருந்தாள். சின்ன மைக் என்பார்கள் அவளை. அவள் வந்ததும் போங்கள் என்றார். நீங்கள்தான் இந்த நிலையத்துக்கே தைரியம் சொல்கிற ஆள், நீங்களே பயந்தால் எப்படி என்றும் சொன்னார். பயம். போன இடத்தில் கோபம், வந்த இடத்தில் பயம். நெஞ்சு என்ற வார்த்தையை மட்டும் யாரும் வாயில் எடுக்கவில்லை.

சரி, பார்த்துவிடலாம் என்று அவள் முடிவு செய்தாள். ஒரு வாரம் கோபமே படுவதில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தபோது துணியை எடுத்துத் துடைத்தாள். மகள் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனாள், எடுத்துக் காயப்போட்டாள். ஹாரன் பின்னால் பார்க்காமல் வண்டியை எடுத்தார். அவள் மைக்கில் ஊர்களின் பெயரை மட்டும் சொன்னாள். அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று அவர் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வீட்டில் கணவருக்குத்தான் முதலில் பயம் வந்தது. சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்று அவரே கேட்டார். சரியாக இருக்கிறது என்றாள். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரம் முழுக்க, குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதும், நெஞ்சு அதே மாதிரி தட்டிக்கொண்டிருந்தது. வீக்கம் கணுக்காலைத் தாண்டி மேலே ஏறியது.

டாக்டரிடம் மறுபடி போய், சாந்தமாகவே சொன்னாள். நீங்கள் சொன்னபடி இருந்து பார்த்துவிட்டேன், குறையவில்லை, வேறு ஏதாவது பரிசோதனை செய்து பாருங்கள் என்றாள்.

"உள்ளுக்குள்ள அடக்கி வைக்கிறீங்க," என்றார் அவர். "அது இன்னும் மோசம்."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க மூச்சு இல்லை. அந்த மனுஷனின் மேசையிலேயே ஈசிஜி பெட்டி இருந்தது. துணி போட்டு மூடி, அதன் மேல் காலண்டரைச் சாய்த்து வைத்திருந்தார். அதை அவள் பார்த்தாள். கேட்டிருக்கலாம். கேட்டால் கோபம் என்பார் என்று கேட்காமல் வந்துவிட்டாள். பிற்பாடு அவளுக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தில் பெரிய பங்கு அதற்குத்தான். பேசத் தெரிந்தவளைப் பேசவிடாமல் செய்துவிட்டார்.

அது நடந்தது ஒரு நண்பகலில். நிலையத்தில் நல்ல கூட்டம். தொலைதூர வண்டி கிளம்பத் தயாராக நின்றது. அவள் மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊர்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான்காவது ஊரின் பெயர் பாதியில் நின்றது. பிறகு ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீருக்குள்ளிருந்து இழுக்கிற மாதிரி, களகளவென்று. ஒவ்வொரு மேடையிலும், கழிப்பறை வாசலிலும், வாகனம் நிறுத்துகிற இடத்திலும் அது கேட்டது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். தடால் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

முதலில் ஓடி ஏறியவர் ஹாரன். அவளைத் தூக்கிக்கொண்டு அந்தக் குறுகலான படியில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. உதடு நீலமாக இருந்தது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டால், எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, காத்திருங்கள் என்ற பதில் வந்தது. ஹாரன் காத்திருக்கவில்லை. தன் வண்டியில் ஏறியிருந்தவர்களை இறங்கச் சொன்னார். ஒருவரும் ஏன் என்று கேட்காமல் இறங்கினார்கள். கடைசி இருக்கையில் அவளைச் சாய்த்து உட்கார வைத்து நடத்துநர் பிடித்துக்கொள்ள, அவ்வளவு பெரிய வண்டியை ஆஸ்பத்திரி வாசல்வரை விட்டுவிட்டார். அவர் வாழ்நாளில் ஹாரனை நியாயமாக அடித்தது அன்றைக்குத்தான் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். வாசலை மறித்து வண்டியை நிறுத்தியதற்காக அவருக்கு மேலாளரிடம் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டிவந்தது தனிக்கதை.

அவசரப் பிரிவில் முதலில் மூக்கில் குச்சியை விட்டுப் பார்த்தார்கள். கொரோனா இல்லை என்றார்கள். ஓடி வந்து நின்ற கணவர், அப்பாடா என்றார். ஆக்சிஜன் மாட்டி, ஊசி போட்டு, நெஞ்சிலும் கையிலும் கம்பிகளை ஒட்டினார்கள். ரத்தம் எடுத்தார்கள். பிறகு இதய மருத்துவர் வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போன, நின்றபடியே தூங்கிவிடுவார் போலிருந்த ஒரு பெண்மணி. நெஞ்சில் களிம்பு தடவிக் கருவியை உருட்டி, திரையைப் பார்த்தார். பிறகுதான், அதுவரை ஒருவரும் கேட்காததைக் கேட்டார். இப்போது கொரோனா இல்லை, சரி. முன்னால் எப்போதாவது வந்ததா? வந்துபோன பிறகுதான் இதெல்லாம் ஆரம்பித்ததா?

அவளால் பேச முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. அழுகை இல்லை அது. ஒரு மனுஷி கேள்வி கேட்டதால் வந்தது.

ஊசியில் உடம்பில் தேங்கிய நீர் வடிந்து, பேச்சு வந்த பிறகு, அந்த மருத்துவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று விளக்கினார். கிருமி போய்விட்டது, ஆனால் அதை விரட்டப் போன உடம்பு இதயத் தசையையும் சேர்த்துப் புண்ணாக்கி வைத்திருக்கிறது. தசை வீங்கி, தளர்ந்து, இறைக்க வேண்டிய ரத்தத்தில் பாதியைத்தான் இறைக்கிறது. தேங்கிய நீர் காலிலும் நுரையீரலிலும் இறங்கியிருக்கிறது. கொரோனா முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களுக்கு மட்டும்தான் இப்படி ஆகும் என்று இல்லை, லேசாக வந்துபோனவர்களிலும் சிலருக்கு ஆகிறது. எல்லோருக்கும் வராது. வந்தால் ஓய்வும் மாத்திரையும்தான் வைத்தியம்; படியேறி, மூச்சைப் பிடித்துக் கத்தி வேலை பார்ப்பது விஷம்.

"கோபத்தால வந்ததா டாக்டர்?" என்று கேட்டாள் அவள்.

மருத்துவருக்குப் புரியவில்லை. "கோபத்தாலயா? இல்லையே. யார் சொன்னா?"

"ஈசிஜி எடுத்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்குமா?"

"ஏதோ சரியில்லைன்னு பெரும்பாலும் தெரிஞ்சிருக்கும். இவ்வளவு தூரம் வந்திருக்காது."

அவள் முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தாள். கணவர் வாசலோரம் நின்றிருந்தார். "கோபத்தால வரலைன்னு சொன்னீங்களே, அதை அவர் காதுல விழுற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க."

மருத்துவர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். கணவர் தரையைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அவள் அவரிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் துணி கொண்டுவந்தார், கஞ்சி கொண்டுவந்தார், கால் வீக்கம் எவ்வளவு வடிந்திருக்கிறது என்று கையால் அழுத்திப் பார்த்தார். ஒருநாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதும் நம்பிவிட்டேன் என்று அழுதார்.

"டாக்டரை நம்பினீங்க, சரி. என்னோட இத்தனை வருஷம் இருக்கீங்க. நான் கோபத்துல எப்படி இருப்பேன், முடியாம எப்படி இருப்பேன்னு உங்களுக்குத் தெரியாதா? அவருக்குத் தெரியாது. உங்களுக்குமா?"

  நான் கத்துகிறவள்தான், அதனால் எனக்கு வலி வராது என்று எல்லோரும் எப்படி முடிவு கட்டினீர்கள் என்று மகளிடம் கேட்டாள். மகள் அந்த வீடியோவை நினைத்து வெட்கப்பட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, சத்தமாகப் பேசக்கூடாது, படி ஏறக்கூடாது, பளு தூக்கக்கூடாது என்றார்கள். வீட்டுக்கு வந்து, தெருமுனைவரை நடக்கிற தெம்பு வந்ததும், அவள் முதலில் நடந்தது கிளினிக்குக்குத்தான். கணவர் கூடவே போனார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

உள்ளே நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் தன் முறை வரும்வரை காத்திருந்தாள். கதவை மூடாமலே உள்ளே போய் உட்கார்ந்து, இதய மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னாள். சத்தம் போட மூச்சு இல்லாததால் மெதுவாகத்தான் சொன்னாள். அவள் அப்படி மெதுவாகப் பேசி அந்த டாக்டர் கேட்டதே இல்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

"அந்தச் சமயத்துல எவ்வளவு கூட்டம்னு உங்களுக்கே தெரியும்மா," என்றார். "ஒவ்வொருத்தரையும் எப்படிப் பாக்க முடியும்?"

"கூட்டம் இருந்துச்சு டாக்டர். ஒத்துக்கறேன். ஆனா என் குணத்தைப் பத்திப் பேச உங்களுக்கு நேரம் இருந்துச்சே. அந்த நேரத்துல அந்தத் துணியை எடுத்திருக்கலாம்."

ஈசிஜி பெட்டியைக் கையால் காட்டினாள். இன்னும் துணி மூடித்தான் இருந்தது. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர், வருத்தப்படுகிறேன் என்கிற மாதிரி எதையோ சொன்னார், நடுவில் ஆனால் என்று ஒரு வார்த்தை வந்தது. அந்த ஆனால் வந்ததும் அவள் எழுந்துவிட்டாள். திரும்பி வரும் வழியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். சண்டை போட்டுப் பழகியவள், சண்டைக்கு வேண்டிய மூச்சு இல்லாமல் வாழ வேண்டும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. அதற்காகவும் அந்த மனுஷன் மேல் கோபம் வந்தது. பிற்பாடு டாக்டர் அவள் கணவர் மூலமாக நலம் விசாரித்து அனுப்பினார். அவள் பதில் சொல்லி அனுப்பவில்லை. இன்றுவரைக்கும் அந்தக் கிளினிக் வாசலை மிதிக்கவில்லை.

பல மாதம் கழித்துத்தான் வேலைக்குப் போனாள். அதற்குள் கண்ணாடி அறையில் பதிவு செய்த குரல் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. தேன் ஒழுகுகிற குரல். வராத வண்டியையும் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லும், பயணிகள் மேலாளரோடு சண்டைக்குப் போவார்கள். சின்ன மைக்கின் வேலை, அந்தக் குரல் பொய் சொல்லும்போது நிறுத்துவது. மைக்கைக் கீழே கொண்டுவந்து கொடுங்கள், உட்கார்ந்த இடத்திலிருந்து மெதுவாகச் சொல்கிறேன் என்று இவள் கேட்டாள். கம்பி இழுக்க முடியாது, மேலிடத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்றார் மேலாளர். இரும்புப் படி ஏற முடியாத ஒருத்தி இங்கே வேலை பார்ப்பாள் என்று கட்டும்போது யாருக்கும் தோன்றவில்லையா என்று கேட்டாள். லீவு கேட்டபோது பயம் என்று சொன்னீர்களே, நான் விழுந்த சத்தம் உங்கள் அறை ஒலிபெருக்கியிலும் கேட்டதல்லவா என்றும் கேட்டாள். அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மைக் வரவில்லை. விசாரணை ஜன்னலில் ஒரு நாற்காலி கிடைத்தது. ஒருத்தர் கேட்டால் ஒருத்தருக்குப் பதில் சொல்கிற வேலை. அதற்கு இந்தக் குரல் எதற்கு?

அந்த ஜன்னலில் அவளுக்கு வேறு ஒரு வேலையும் சேர்ந்துகொண்டது. யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றால், மூச்சிரைக்க வந்து கம்பியைப் பிடித்தால், எந்த வண்டி என்பதற்கு முன்னால், கொரோனா வந்ததா என்று கேட்டுவிடுவாள். சிலர் உங்களுக்கு எதற்கு என்பார்கள். சிலர் கதையே சொல்வார்கள். ஓடிவந்து இரைக்கிறவர்கள்தான் அதிகம். அவர்களைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிடுவாள்.

ஒருநாள் சின்ன மைக், படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அன்றைக்கே அரைநாள் லீவு போட வைத்து, கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அக்கா, எனக்கு அடுத்த மாதம் கல்யாணம், அந்தப் படபடப்பு என்று அந்தப் பெண் சொல்லிப் பார்த்தாள். கல்யாணப் படபடப்பா இல்லையா என்று ஈசிஜி கம்பி சொல்லட்டும் என்றாள் இவள். ஈசிஜி எடுத்தார்கள், களிம்பு தடவித் திரையில் பார்க்கிற எக்கோவும் எடுத்தார்கள். வரிசையில் நின்று நின்று மதியம் போய்விட்டது. எல்லாம் சரியாக இருந்தது.

ஆஸ்பத்திரிச் சரிவுப் பாதையில் இறங்கும்போது சின்ன மைக் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "நான்தான் ஒண்ணும் இல்லைன்னு சொன்னேனே அக்கா. டாக்டரும் அதையேதானே சொன்னாங்க."

"பாத்துட்டுச் சொன்னாங்க. பாக்காம சொல்லல," என்றாள் மைக்கக்கா. சொன்ன வேகத்தில் மூச்சு வாங்கியது. அவளுடைய இதயம் இப்போது முன்னைவிடப் பரவாயில்லை, ஆனால் பழைய மாதிரி ஆகாது என்று சொல்லியிருந்தார்கள். மாத்திரை நிற்காது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். அந்தப் பெண் பயந்துபோய்த் தோளைப் பிடிக்க வந்தாள். பிடிக்காதே, நானே வருவேன் என்று கையை உதறினாள். பக்கத்தில் யாரோ ஒரு வயதான அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு மேலே போனார்கள். வாசல் காவலாளி, வழியில் நிற்காதீர்கள், ஓரமாகப் போங்கள் என்று சத்தம் போட்டார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். நெஞ்சு தன் வேகத்துக்கு இறங்கும்வரை அங்கேயே நின்றாள்.